கைப்பிடியைத் தூக்கி, முட்டியால் ஒரு தள்ளு

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரில் உள்ள ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஓட்டல் எல்லாவற்றிலும் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கிய மனிதர் குடியிருந்தது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லி யாராவது சிரித்தால் அவருக்குக் கோபம் வராது. "ஏன், டாக்டர் வீட்ல யாருக்கும் காய்ச்சலே வராதா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

வேலையில் அவர் படு கறார். ஒரு திருகாணி தேய்ந்திருந்தால்கூடப் புதிது போடாமல் லிஃப்ட்டை ஓடவிட மாட்டார். மேலதிகாரியே வந்து கெஞ்சினாலும் மசியமாட்டார். அந்தக் கறார் எல்லாம் அவர் வீட்டு வாசலோடு சரி. உள்ளே நுழைந்தால் ஆளே வேறு. வீட்டில் எது உடைந்தாலும் அதற்குப் பதில் புதிது வாங்குவது அவருக்குத் தன்மானப் பிரச்சினை. கொஞ்சம் கம்பி, கொஞ்சம் டேப், கொஞ்சம் பசை, பழைய சைக்கிள் ட்யூப் ஒன்று, இவ்வளவும் கையில் இருந்தால் உலகத்தையே ஒட்டவைத்துவிடலாம் என்பது அவர் கட்சி. கீல் இறங்கிப்போன கதவுகளுக்கு ட்யூபை வெட்டி முட்டுக்கொடுத்தார். சொட்டுகிற குழாய்க்குள் எதையோ திணித்தார். எரியாத விளக்குக்கு வேறு எங்கிருந்தோ ஒரு ஒயரை இழுத்துவந்து உயிர் கொடுத்தார். "இந்த வீட்ல ஒரு சாமான் கெட்டுக் கிடக்குதுன்னு காட்டுங்க பார்ப்போம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார்.

அதில் பொய்யும் இல்லை. எல்லாம் வேலை செய்தன. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுகூட, அவர் குழாய்ப் பக்கம் போவதற்குள் மனைவி முந்திக்கொண்டு திறந்துவிடுவாள். கதவுக்குப் பக்கத்தில் போனால் அவளே வந்து திறந்து வழிவிடுவாள். தன்மீது இவளுக்கு எவ்வளவு மரியாதை என்று அவர் உள்ளுக்குள் நெகிழ்ந்துபோயிருந்தார்.

மனைவிக்கு வீடு என்பது ராத்திரி படுக்கிற இடம். பகலெல்லாம் தெருதான். கடைத்தெருவில் அவளுக்குத் தெரியாத ஆளில்லை, அவள் மூக்கை நுழைக்காத விவகாரமில்லை. ஒரு கட்டு கீரை வாங்கப் போனால் மூன்று வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிட்டுத்தான் திரும்புவாள். அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் முட்டி மடங்க மறுத்துவிட்டது. இனிமேல் மாடிப்படி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மேலே ஏறியவள்தான், பிறகு இறங்கவில்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதோடு அவள் ராஜ்ஜியம் சுருங்கிப்போயிற்று. லிஃப்ட்காரர் சும்மா இருப்பாரா? பால்கனிக் கம்பியில் ஒரு கப்பி மாட்டி, கயிறும் கூடையும் கட்டிக் கொடுத்தார். வெங்காயம், பால், ரொட்டி எல்லாம் ஜோராக மேலே வந்து சேர்ந்தன. காய்கறிக்கு லிஃப்ட் இருந்தது. கட்டின பெண்டாட்டிக்கு இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு கீழ்த்தள வீடு காலியாக இருப்பதாகத் தெரிந்ததும் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவளால் நிற்க முடிந்ததும் அந்த ஒரு காலில்தான். "இதை வித்துட்டு அங்க போயிடலாங்க. எனக்கு வாசப்படி தாண்டினா தெரு இருக்கணும்." அந்த வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர், இந்த மாசக் கடைசிவரை காத்திருக்கிறேன் என்றார். ஆனால் இவர்கள் வீட்டைப் பார்க்க வந்த முதல் இரண்டு கூட்டமும் கூடத்தைத் தாண்டவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொன்னவர்கள் கடைசிப்படி வரைக்கும் ஓட்டமாகத்தான் போனார்கள்.

அப்புறம்தான் வீடு விற்றுக் கொடுக்கும் தரகம்மா வந்தார். ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குழாய், கதவு, விளக்கு எல்லாவற்றையும் மனைவிதான் நொண்டி நொண்டித் திறந்து காட்டினாள்.

"எல்லாம் வேலை செய்யுது. நல்லது," என்றார் தரகம்மா. "ஆனா பாருங்க சார், இந்த வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருக்கு."

"ஆள் இருக்கோமே!"

"அதுதான் சார் பிரச்சினை. வாங்க வர்றவங்க, இங்க நாம வாழப்போறோம்னு நினைக்கணும். உங்க மூஞ்சி செவுத்துல தொங்கினா எப்படி நினைப்பாங்க? போட்டோவெல்லாம் கழட்டுங்க. பாதி சாமானை அப்புறப்படுத்துங்க. கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு. மேஜை மேல கண்ணாடிக் கிண்ணத்துல எலுமிச்சம்பழம். வீடு முழுக்கக் காப்பி வாசனை. யாருமே வாழாத மாதிரி இருக்கணும்."

"அப்ப நாங்க எங்க வாழறது?" என்று கேட்டாள் மனைவி.

"ஓரமா," என்றார் தரகம்மா.

அன்றிலிருந்து இருவரும் தங்கள் வீட்டிலேயே ஓரமாக வாழ்ந்தார்கள். வெள்ளை விரிப்பு கசங்கக் கூடாது என்று கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள். சோபாவில் யாரும் உட்காரக் கூடாது. திண்டுகளின் தலையில் கையால் ஒரு வெட்டு வெட்டிப் பள்ளம் வைத்தால்தான் அழகு என்று தரகம்மா செய்து காட்டியிருந்தார். லிஃப்ட்காரர் காலையும் மாலையும் போய் ஒவ்வொரு திண்டையும் வெட்டிவிட்டு வந்தார். பிளாஸ்டிக் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். அது பிளாஸ்டிக் என்று மனைவி சொன்னதற்கு, "இருக்கட்டும், பார்க்கறவங்களுக்கு ஈரம் தெரியட்டும்" என்றார். கிண்ணத்தில் கோபுரமாக அடுக்கிய எலுமிச்சம்பழங்கள் உருண்டு உருண்டு விழுந்து அவர் உயிரை வாங்கின. ஒரு மத்தியானம் பொறுமை இழந்து பசையை எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பழமும் அசையவில்லை.

இன்னொரு ஜோடி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறது என்று தரகம்மா சொல்லியனுப்பினார். கூடவே ஒரு கட்டளை. வீட்டுக்காரர்கள் வீட்டில் இருக்கக் கூடாது. "உங்க முகத்தைப் பார்த்தா அவங்களால குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியலைன்னா வாங்கவும் மாட்டாங்க." இந்தக் கணக்கு லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. ஆனால் மாசக் கடைசி நெருங்கிவிட்டது. இதுவும் போனால் கீழ்த்தள வீடும் போய்விடும் என்பது நன்றாகவே புரிந்தது.

அன்று காலை மனைவியை இறக்குவது பெரும்பாடாகிவிட்டது. அவள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் ஒவ்வொரு திருப்பத்திலும் போட்டு, அவளை உட்காரவைத்து, விசிறிவிட்டு, மறுபடி கிளப்பினார். கீழே புதிதாகத் தையல்கடை வைத்திருந்த டெய்லர் ஓடிவந்து இரண்டு ஸ்டூல் போட்டார். ஒன்றில் உட்கார்ந்து மற்றொன்றில் வலது காலை நீட்டியவள், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் என்ன சொன்னாலும் அவள் காதில் விழவில்லை.

கடைசியாக ஒரு தடவை திண்டுகளை வெட்டிவிட்டு வரலாம் என்று, கதவைத் திறந்தே போட்டுவிட்டு வந்த வீட்டுக்கு அவர் மேலே போனார். வாசனைக்காக அடுப்பில் வைத்திருந்த காப்பித்தூள் தண்ணீர் வற்றிக் கருகிக் கிடந்தது. வீட்டுக்குள் தீப்பிடித்த ஓட்டலின் வாசனை. அவர் கையால் காற்றை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சார், என் வண்டி பங்க்சர்," என்றார் தரகம்மா. "அவங்க வந்துட்டே இருக்காங்க. நீங்களே காட்டிடுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க. சிரிங்க, போதும்."

போனை வைப்பதற்குள் வாசலில் ஆள். புருஷன் தபால்காரர், பெண்டாட்டி ஆஸ்பத்திரி நர்ஸ். மூன்று மாடி ஏறியும் தபால்காரருக்கு மூச்சே வாங்கவில்லை. "படியெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல சார்" என்றார். லிஃப்ட்காரர் சிரித்தார். நர்ஸ் மூக்கைச் சுளித்து, "ஏதாவது கருகுதா?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தார்.

கூடத்தில் வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. நர்ஸ் முகம் மலர்ந்தது. தபால்காரர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து ஆசையாக ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். கோபுரம் மொத்தமும், கிண்ணத்தோடு சேர்ந்து, அவர் கையோடு மேலே வந்தது. அவர் அதை அந்தரத்தில் பிடித்தபடி லிஃப்ட்காரரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

கையில் பசை ஒட்டிவிட்டது என்று தபால்காரர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் நன்றாக வந்தது. நிறுத்தப் போனால் நிற்கவில்லை. "விடுங்க, நான் பார்க்கறேன். என் கையால சரிபண்ணின குழாய்" என்று வாயைத் திறந்துவிட்டார் லிஃப்ட்காரர். திருகினார். நிற்கவில்லை. அந்தப் பக்கம் திருகினார். சட்டையெல்லாம் நனைந்தது. வேறு வழியில்லாமல் பால்கனிக்கு ஓடினார்.

"ஏம்மா! கொழா நிக்க மாட்டேங்குது!"

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாதி மூடிட்டு, அடியில கரண்டியால ஒரு தட்டுங்க! பெரிய கரண்டி!"

அவர் ஓடிப்போய்த் தட்டினார். குழாய் சொன்ன பேச்சு கேட்டது. அவருக்கு ஆச்சரியமாகிவிட்டது. அது இவளுக்கு எப்படித் தெரியும்?

படுக்கையறையில் விளக்கு எரியவில்லை. மறுபடி பால்கனி. "ஏம்மா! லைட்டு!"

"ஃபேனைப் போட்டாத்தான் லைட்டு எரியும்! குளிர்காலத்துலயும் அப்படித்தான்!" இதற்குள் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவளுக்குக் குரல் நன்றாகவே எடுபட ஆரம்பித்திருந்தது.

இதற்குள் நர்ஸ் குளியலறையைப் பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். சாத்தினது சாத்தினதுதான். உள்ளிருந்து அவள் இழுத்தாள். வெளியிலிருந்து தபால்காரர் தள்ளினார். "கதவுல ஒண்ணும் இல்லீங்களே, ட்யூப் வச்சு நல்லா முட்டுக்கொடுத்திருக்கேனே" என்று சொல்லிக்கொண்டே லிஃப்ட்காரர் தோளால் மோதினார். கதவு கம்மென்று நின்றது. உள்ளே இருந்து நர்ஸ் நிதானமாக, "ஏங்க, இந்த வீட்டை வாங்கறமோ இல்லையோ, என்னை வெளிய எடுத்துடுங்க" என்றாள்.

மூன்றாம் முறையாகப் பால்கனிக்கு வந்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "ஏம்மா! பாத்ரூம் கதவு!"

"உள்ள யாரு?"

"வாங்க வந்தவங்க!"

தெரு முழுக்கச் சிரித்தது. மனைவி இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு கத்தினாள்: "கைப்பிடியை மேல தூக்குங்க! தூக்கிப் பிடிச்சுக்கிட்டே முட்டியால ஒரு தள்ளு! வலது முட்டி! இடது பத்தாது!"

தபால்காரர் கைப்பிடியைத் தூக்கி இடது முட்டியால் தள்ளிப் பார்த்தார். பத்தவில்லை. வலது முட்டியால் ஒரு போடு போட்டார். கதவு திறந்தது. "அம்மாடி!" என்று அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வெளியே வந்து புருஷன் முட்டியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அப்புறம் லிஃப்ட்காரரைப் பார்த்தாள்.

"எத்தனை கதவு சார் இப்படி?"

"எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்தான் பண்ணினேன்" என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

நர்ஸ் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கீழே ஸ்டூலில் நீட்டிய கால் தெரிந்தது. "அம்மாவுக்கு எந்த முட்டி சார்?"

அவர் திரும்பி, உள்ளே தபால்காரர் பிடித்துக்கொண்டிருந்த முட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வலது."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசல் கதவு, சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு, பால்கனிக் கதவு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருஷம். வேலை முடிந்து வந்து மணியடித்தால் உள்ளிருந்து ஒரு 'டொம்' சத்தம் கேட்கும். பிறகு கதவு திறக்கும். அந்த 'டொம்' என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தன் வீட்டைத் தான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தார். அவளே மரியாதைக்கு வந்து கதவு திறக்கிறாள் என்று வேறு பூரித்துப்போயிருந்தார், மடையன்.

"அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கிப் போனார்கள். தொலைந்தது, என்று அவர் பால்கனியிலேயே நின்றார். இனி மாசக் கடைசிக்குள் யார் வரப்போகிறார்கள்? கீழ்த்தள வீடு கைநழுவிப் போகும். அவளை மறுபடி ஒவ்வொரு படியாக மேலே ஏற்ற வேண்டும், ஏற்றி அதே நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அப்போது ஒரு காற்று அடித்தது. பின்னால் பால்கனிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கீழே நடந்ததை அவரால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. நர்ஸ் முதலில் மனைவியின் முட்டியைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். பிறகு மனைவி பேச ஆரம்பித்தாள். கையைத் தூக்கினாள், திருகினாள், கரண்டியால் தட்டுவதுபோல் காற்றில் தட்டினாள். தபால்காரர் டெய்லர் கடைக் கதவில் கைப்பிடியைத் தூக்கிப் பழகினார். டெய்லர் குறுக்கே ஓடி வந்து, தன் கதவு நல்ல கதவு, விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டார். தரகம்மா பங்க்சர் ஒட்டிய ஸ்கூட்டரில் வந்து சேர்ந்து, நடப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். கும்பல் சிரித்தது. மனைவி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

யாராவது தன்னைக் கவனிக்க மாட்டார்களா என்று அவர் கூடையைக் கீழே இறக்கி ஆட்டினார். மனைவி அதில் ஒரு கிளாஸ் டீயை வைத்து மேலே அனுப்பினாள். சிறைப்பட்ட மனிதர் அதைக் குடித்துவிட்டு, காலி கிளாஸைத் திருப்பி அனுப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது. "ஏங்க! வாங்கிக்கறாங்களாம்!"

அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "நிஜமாவா?"

"பார்த்த வீட்லெல்லாம் பூசி மெழுகித்தான் காட்டினாங்க சார்!" என்று நர்ஸ் கத்தினாள். "உங்க வீட்ல என்ன கோளாறுன்னு தெருவுக்கே தெரியுது! அம்மா ஒண்ணு விடாம சொல்லிட்டாங்க! வெளிச்சமும் பிடிச்சிருக்கு! ஒரே ஒரு கண்டிஷன்! கதவெல்லாம் தச்சரை வச்சு மாத்தித் தரணும்! நீங்க கை வைக்கக் கூடாது!"

"சரிம்மா! தொடவே மாட்டேன்!"

"இறங்கி வாங்க!" என்றாள் மனைவி.

"கதவு சாத்திக்கிச்சு!"

"எந்தக் கதவு?"

"பால்கனிக் கதவு!"

கீழே எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தெருவே ஒரே குரலில் கத்தியது, டெய்லர் உட்பட: "கைப்பிடியைத் தூக்குங்க!"

அவர் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, வலது முட்டியால் தள்ளினார். வலி உச்சிவரை ஏறிற்று. கதவு அசையவில்லை. மறுபடி தள்ளினார். மறுபடியும். திறப்பதற்குள் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி மூன்று மாடியும் இறங்கினார். கடைசித் திருப்பத்தில் காலையில் போட்ட நாற்காலி இன்னும் கிடந்தது. அதில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

வாங்குகிறவர்கள் போய்விட்டார்கள். தரகம்மா கீழ்த்தள வீட்டுக்காரரோடு போனில் பேசி முடித்து, "வீடு சும்மாதான கிடக்கு, இன்னைக்கே சாவி வாங்கிக்கச் சொல்லிட்டார்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். கூட்டம் கலைந்தது. லிஃப்ட்காரர் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேல போலாமா?" என்றார், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்.

"நான் வரலைங்க. இறங்கினவ இறங்கினவதான். இன்னைக்கு ராத்திரி அந்த வீட்லயே படுத்துக்கறேன்."

"கட்டில் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கொஞ்ச நாளா எங்க படுத்திருந்தோமாம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு பண்ணிட்டேம்மா. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எதைச் சொல்றது? நீங்க ஒவ்வொண்ணா ஒட்டவச்சுட்டு அவ்வளவு சந்தோஷமா நிப்பீங்க. அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?" என்றவள், சட்டென்று அவர் காதுப் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, அந்த டெய்லருக்கு மீசை இருக்குங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இருக்கு. கடை திறந்த நாள்லேர்ந்து இருக்கே."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அவரோட வழுக்கையைத்தான தெரியும். ஒரு வருஷமா போறவங்க வர்றவங்க எல்லாரோட உச்சந்தலையைத்தான பார்த்துட்டு இருந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. எழுந்து, "தலகாணி எடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி படியேறப் போனார். அவள் அங்கேயே உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள்.